தபால் முகவரியில் இருப்பது உங்கள் ஊர் இல்லை, தம்பி

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அப்பார்ட்மென்ட் வாடகை கட்டிக் கட்டி அலுத்துவிட்டது. கிராமப்புற டவுன்ஷிப் (சிட்டிக்கு வெளியே இருக்கும் சிறிய உள்ளாட்சிப் பகுதி) ஒன்றில், ஐந்து ஏக்கரோடு ஒரு வீடு பார்த்திருக்கிறீர்கள். வருட வரி 2,700 டாலர்தான் என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா, நம் ஆட்கள் இருப்பார்களா, கோயில் எவ்வளவு தூரம், குளிர் தாங்குமா என்கிறீர்கள். கடைசி மூன்றுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: கார் இருந்தால் எதுவும் தூரமில்லை, குளிர் இரண்டு வருடத்தில் பழகிவிடும். அந்த 2,700 என்ற எண்தான் என்னை எழுத வைத்தது. வந்த புதிதில் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லையே என்ற ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

முதலில் அந்த நிலம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். விளம்பரத்தில் இருக்கும் சிட்டியின் பெயர், உங்களுக்குக் கடிதம் கொண்டுவரும் தபால் நிலையத்தின் பெயர் மட்டுமே. வீடு அந்த சிட்டி எல்லைக்கு வெளியே, டவுன்ஷிப்பில் இருக்கும். பள்ளி மாவட்டமோ மூன்றாவது ஊர் ஒன்றின் பெயரில் இருக்கும். பள்ளி மாவட்ட எல்லைக்கும் டவுன்ஷிப் எல்லைக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரே ரோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு வேறு பள்ளிக்குப் போகும் இடங்கள் உண்டு. டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் 83 கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), 1,240 டவுன்ஷிப். வீட்டின் பார்சல் எண்ணை, அதாவது நம்மூர் சர்வே எண் மாதிரியான நில எண்ணை, கவுண்டியின் இணைய வரைபடத்தில் போட்டால் எந்த டவுன்ஷிப், எந்தப் பள்ளி மாவட்டம் என்று காட்டிவிடும். இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு: டெட்ராய்ட் மாதிரி சில சிட்டிகள் வருமான வரி போடும், டவுன்ஷிப்புக்கு அந்த அதிகாரம் இல்லை.

இந்த ஊர்களின் வடிவத்தைப் புரிந்துகொண்டால் பத்திரம் படிப்பது சுலபம். 1785-இல் வந்த நிலச் சட்டப்படி இந்தப் பகுதி முழுவதையும் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக அளந்தார்கள். ஒரு சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். எண் போடுவது வடகிழக்கு மூலையில் தொடங்கும். மேற்கே போய் 6-இல் முடிந்து, அதன் கீழே 7 என்று கிழக்கே திரும்பும். ஏர் உழுவது போலப் போய்த் திரும்பிப் போய்த் திரும்பி, 36 தென்கிழக்கு மூலையில் விழும். செக்‌ஷன் 16 அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கியது. கிராமப்புற ரோடுகள் பெரும்பாலும் செக்‌ஷன் கோட்டின் மேலேயே போவதால்தான் மைலுக்கு ஒரு நாற்சந்தி வருகிறது.

பத்திரத்தில் 'டவுன் 3 வடக்கு, ரேஞ்ச் 4 கிழக்கு, செக்‌ஷன் 14, தென்கிழக்குக் காலின் வடமேற்குக் கால்' (கால் என்பது நான்கில் ஒரு பங்கு) என்று இருந்தால், பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள். டெட்ராய்டின் வட எல்லையான எய்ட் மைல் ரோடுதான் மிச்சிகனில் வடக்கு தெற்கு எண்ணத் தொடங்கும் அடிக்கோடு. அதற்கு வடக்கே மூன்றாவது வரிசைச் சதுரம், கிழக்கு மேற்கு எண்ணத் தொடங்கும் மெரிடியன் கோட்டுக்குக் கிழக்கே நான்காவது. அதற்குள் செக்‌ஷன் 14 மேலிருந்து மூன்றாவது வரிசையில், கிழக்கு ஓரத்திலிருந்து இரண்டாவது. 640-இல் தென்கிழக்குக் கால் 160 ஏக்கர். அதில் வடமேற்குக் கால் 40 ஏக்கர். உங்கள் ஐந்து ஏக்கர் இப்படிப்பட்ட நாற்பதிலிருந்து வெட்டியதாகத்தான் இருக்கும். பூமி உருண்டை என்பதால் தெற்கு வடக்குக் கோடுகள் மேலே போகப் போக நெருங்கும். அந்தக் குறைவையும் அளவுப் பிழையையும் டவுன்ஷிப்பின் வடக்கு, மேற்கு ஓரச் செக்‌ஷன்களில் தள்ளினார்கள். அதனால் 1 முதல் 6 வரையும், 7, 18, 19, 30, 31-உம் சரியாக 640 ஏக்கர் இருக்காது. வீடு அந்த ஓரத்தில் இருந்தால் ஏக்கர் கணக்கை நம்பாமல் சர்வேயரை வைத்து அளந்துகொள்ளுங்கள். பின்னால் இரண்டு ஏக்கரைப் பிரித்து விற்கலாம் என்ற எண்ணமிருந்தால், பிரிக்கும் உரிமை 1997 மார்ச் 31 அன்று இருந்த மூல நிலத்தைக் கொண்டு எண்ணப்படும். முன்னாலிருந்தவர்கள் அதை ஏற்கெனவே தீர்த்திருக்கலாம். மிச்சமிருந்தால் எத்தனை உங்களுக்கு வருகிறது என்று பத்திரத்தில் எழுதி வாங்குங்கள்.

இப்போது வரிக்கு வருகிறேன். நம் ஆட்கள் வாட்ஸ்அப் குழுக்களில் "டவுன்ஷிப்பில் வாங்கு, வரி கம்மி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இருபது வருடமாக இங்கே வீடு வைத்திருப்பவர்களும் வரி ரசீதில் இருக்கும் இரண்டு எண்களின் வித்தியாசத்தைச் சொல்லித் தருவதில்லை. அந்தக் குழுப் பேச்சைக் கேட்டு வாங்கிய பிள்ளைகள் இரண்டாவது வருடம் தவிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ரசீதில் இருக்கும் முதல் எண் எஸ்.இ.வி. (ஸ்டேட் ஈக்வலைஸ்டு வேல்யூ); அது சந்தை மதிப்பில் பாதி. இரண்டாவது டாக்ஸபிள் வேல்யூ; வரி போடுவது இதன் மேல்தான். 1994-இல் வந்த திருத்தத்தின்படி ஒரே உரிமையாளர் கையில் இருக்கும்வரை இந்த இரண்டாவது எண் வருடத்துக்குப் பணவீக்க அளவோ 5 சதவீதமோ, எது குறைவோ அதற்கு மேல் ஏறாது. வீடு கை மாறினால் அடுத்த வருடம் அந்தத் தடுப்பு போய்விடும்; டாக்ஸபிள் வேல்யூ எஸ்.இ.வி.க்கு ஏறிவிடும். இதற்கு அன்கேப்பிங் என்று பெயர். கணக்கு போட்டுக் காட்டுகிறேன். விற்பவர் இருபது வருடமாக இருக்கிறார்; அவருடைய டாக்ஸபிள் வேல்யூ 90,000, எஸ்.இ.வி. 1,80,000, வரி விகிதம் 30 மில் என்று வையுங்கள். ஒரு மில் என்பது ஆயிரத்துக்கு ஒரு டாலர். அவர் கட்டுவது 2,700. நீங்கள் அடுத்த வருடம் கட்டப்போவது 5,400. விளம்பரத்தில் போட்டது அவருடைய வரி, உங்களுடையது இல்லை. வங்கியும் எஸ்க்ரோவை (வரிக்காக மாதத் தவணையோடு பிடித்து வைக்கும் பணம்) பழைய 2,700-ஐ வைத்தே போட்டிருக்கும். ஜூலையில் புதிய பில் வந்ததும் பற்றாக்குறை என்று எழுதி, மாதத் தவணையில் சில நூறு டாலர் கூட்டிவிடும். எனவே ஆஃபர் போடும் முன்பே எஸ்.இ.வி.யைக் கேளுங்கள், அதை மில் கணக்கால் பெருக்கி வருவதுதான் உங்கள் வரி. வாங்கும் விலையில் பாதியை அப்படியே எஸ்.இ.வி. என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், விற்ற விலையை மட்டும் வைத்து மதிப்பு போடக் கூடாது என்பது சட்டம்.

வாங்கியபின் டவுன்ஷிப் அசெஸரிடம் (வரிக்காக மதிப்பு போடும் அதிகாரி) இரண்டு படிவம் போய்ச் சேர வேண்டும். உரிமை மாற்றத்தைத் தெரிவிக்கும் எல்-4260-ஐ 45 நாளுக்குள் கொடுக்காவிட்டால் நாளுக்கு 5 டாலர், அதிகபட்சம் 200 டாலர் அபராதம். மற்றது, குடியிருக்கும் சொந்த வீடு என்று சொல்லும் 2368. இதுதான் முக்கியம். இதைக் கொடுக்காவிட்டால் பள்ளி நடத்தும் செலவுக்கான 18 மில் வரை கூடுதலாக விழும். மேலே சொன்ன வீட்டில் அது 3,240 டாலர். ஜூன் 1-க்குள் கொடுத்தால் அந்த வருடத்துக் கோடை பில்லிலிருந்தே சலுகை. தவறினால் நவம்பர் 1-க்குள் கொடுத்துக் குளிர்கால பில்லையாவது காப்பாற்றலாம். பதிவின்போது கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு வாரம் கழித்து அசெஸருக்குப் போன் செய்து வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள்.

பில் வருடத்துக்கு இரண்டு. ஜூலை 1-இல் வருவதற்குக் கெடு செப்டம்பர் 14. டிசம்பர் 1-இல் வருவதற்குப் பிப்ரவரி 14. இரண்டையும் வசூலிப்பவர் டவுன்ஷிப் பொருளாளர். மார்ச் 1-இல் பாக்கி கவுண்டி பொருளாளர் கைக்குப் போய்விடும். மூன்றாவது வருடம்வரை கட்டாமல் இருந்தால் வீடே போகும். மதிப்பு அதிகம் என்று தோன்றினால் மார்ச் மாத போர்டு ஆஃப் ரிவ்யூவில் (மதிப்பு மேல் முறையீடு கேட்கும் டவுன்ஷிப் குழு) சொல்ல வேண்டும். அங்கே சொல்லாதவர் ஜூலை 31-க்குள் மாநில வரித் தீர்ப்பாயமான டாக்ஸ் ட்ரிப்யூனலுக்குப் போக முடியாது. பக்கத்தில் அதே அளவு வீடுகள் என்ன விலைக்குப் போயின என்ற காகிதத்தோடு போங்கள். அதிகம் என்று வாயால் மட்டும் சொன்னால் எடுபடாது.

அடுத்தது ரோடு. பனி தள்ளவில்லை என்று டவுன்ஷிப் அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பயனில்லை. 1931-இல் வந்த சட்டம் டவுன்ஷிப் ரோடுகளைக் கவுண்டிக்கு மாற்றிவிட்டது. பெரும்பாலான கவுண்டிகளில் ரோடு கமிஷன் என்று தனி அமைப்பே உண்டு. அவர்கள் முதலில் மாநில நெடுஞ்சாலை, பிறகு முக்கியச் சாலை, கடைசியில்தான் உங்கள் ஜல்லி ரோடு என்று வருவார்கள். அதுவும் பொது ரோடாக இருந்தால்தான். பிரைவேட் ரோடு என்றால் யாரும் வரமாட்டார்கள். பனியும் ஜல்லியும் அந்த ரோட்டில் இருக்கும் வீட்டுக்காரர்கள் பாடு. யார் எவ்வளவு கொடுப்பது என்று பதிவு செய்த ஒப்பந்தம் இருக்கிறதா என்று பார்க்காமல் பிரைவேட் ரோட்டில் வாங்காதீர்கள். வங்கியும் அதைக் கேட்கலாம்.

குளிர் முடிந்து நிலம் இளகும்போது ஜல்லி ரோடு களிமண் கஞ்சியாகிவிடும். மார்ச் வாக்கில் ஃப்ராஸ்ட் லா என்ற எடைக் கட்டுப்பாடு வரும். ஜல்லி, தார் ரோடுகளில் லாரியின் அச்சுக்கு அனுமதித்த எடையில் 35 சதவீதம் குறையும். செப்டிக் டேங்க் இறைக்கும் லாரி, கான்கிரீட் லாரி, வீட்டைச் சூடாக்கும் புரொப்பேன் எரிவாயு லாரி எல்லாம் தயங்கும் காலம் அது. எனவே பிப்ரவரியிலேயே புரொப்பேன் நிரப்பிவிடுங்கள். 500 காலன் டேங்கில் 80 சதவீதம், அதாவது 400 காலன்தான் நிரப்புவார்கள்; சூட்டில் திரவம் விரிய இடம் வேண்டும். உங்கள் டிரைவ்வே பனியை ரோட்டுக்கு மேலே தள்ளி வைப்பது சட்டப்படி குற்றம்.

தண்ணீரும் கழிவும் உங்கள் நிலத்துக்குள்ளேயே. செப்டிக்குக்கு மாநிலம் முழுதும் பொதுவான விதி மிச்சிகனில் கிடையாது. கவுண்டி சுகாதாரத் துறை வைத்ததுதான் சட்டம். அங்கே போய் அந்த முகவரிக்கான பெர்மிட் கோப்பைக் கேளுங்கள். கிணறு எத்தனை அடி, டேங்க் எத்தனை காலன், எந்த வருடம் போட்டது, மூன்று படுக்கையறைக்கா நான்குக்கா என்று அதில் இருக்கும். நான்கு அறை வீட்டுக்கு மூன்று அறைக்கான டிரெய்ன் ஃபீல்டு (டேங்க் நீர் மண்ணில் இறங்கும் இடம்) இருந்தால் பேரத்தில் அதைச் சொல்லுங்கள். கிணறு செப்டிக்கிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். தண்ணீரில் பாக்டீரியா, நைட்ரேட்டோடு ஆர்செனிக்கையும் சோதியுங்கள். தென்கிழக்கு மிச்சிகனிலும், கட்டைவிரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் தம்ப் பகுதியிலும் நிலத்தடிப் பாறையிலிருந்தே அது வருகிறது. பொதுக் குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கரண்ட் போனால் பம்பும் நிற்கும், தண்ணீரும் நிற்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

பக்கத்து வயலில் எரு தெளிக்கும் நாற்றத்துக்கு நம்மவர்கள் சிலர் புகார் எழுதுகிறார்கள். தயவுசெய்து அந்தப் பட்டியலில் சேராதீர்கள். 1981-இன் ரைட் டு ஃபார்ம் சட்டம், மாநிலம் வகுத்த முறைப்படி செய்யும் விவசாயியைத் தொல்லை வழக்கிலிருந்து காப்பாற்றுகிறது. அவர்கள் உழைக்கும் இடத்துக்கு நாம்தான் குடிபோகிறோம். நிலத்தின் ஓரத்தில் ஓடும் வாய்க்காலைப் பாருங்கள்: அது கவுண்டி டிரெய்னாக (பொது வடிகால்) இருந்தால், தேர்தலில் வந்த டிரெய்ன் கமிஷனர் தூர் வாருவார், செலவை அந்த டிரெய்ன் மாவட்டத்து நிலங்களின் மேல் பங்கு போட்டு வரி பில்லிலேயே சேர்ப்பார். அதற்காக விட்ட இடத்தில் ஷெட் போட முடியாது. கோழி, ஆடு, பின்னால் பெரிய ஷெட் என்ற திட்டமிருந்தால் எந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்று பார்க்கும் டவுன்ஷிப் சோனிங் அதிகாரியிடம் பார்சல் எண்ணைச் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு மாலை டவுன்ஷிப் ஹாலுக்குப் போய் மாதக் கூட்டத்தில் உட்காருங்கள். நம்மூர்க் கல்யாண மண்டபத்தின் பந்தி அறை அளவுதான் இருக்கும். மேசைக்குப் பின்னால் சூப்பர்வைசர், கிளார்க், பொருளாளர், இரண்டோ நான்கோ டிரஸ்டிகள். நான்கு வருடப் பதவி, அடுத்த தேர்தல் 2028 நவம்பர். தீயணைப்பு வண்டிக்கு மில் கூட்டுவது, தூசி அடங்க ரோட்டில் கால்சியம் குளோரைடு தெளிப்பது, யாரோ கேட்ட சோலார் பண்ணை என்று வரிசையாக வரும். வாக்களிக்கத்தான் குடியுரிமை வேண்டும். பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து பேச விசா வகை எதுவும் யாரும் கேட்கமாட்டார்கள். பேச வேண்டாம் என்றால் கூட்டம் முடிந்ததும் கிளார்க்கிடம் போய் இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்தப் பார்சல் மேல் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் (ரோடு மாதிரி வேலைக்கு நிலத்தின் மேல் தனியாகப் போடும் கட்டணம்) பாக்கி ஏதாவது இருக்கிறதா, வீட்டுக்கு எந்தத் தீயணைப்பு நிலையம் எத்தனை மைல்? ஐந்து மைலைத் தாண்டினால் வீட்டு இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறும். அதையும் அந்த 5,400-ஓடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.