முதுமை ஏறிய முகங்களும் பழைய திகில் படங்களும்: கேள்வி பதில்

1950களிலிருந்து 1970களின் தொடக்கம் வரை ஹாலிவுட்டிலும் இங்கிலாந்திலும் வெளிவந்த, புகழின் உச்சியைக் கடந்துவிட்ட நட்சத்திரங்கள் நடித்த திகில் படங்களைப் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும்.

கேள்வி (திருச்சி வாசகர்): இந்தப் படங்களைக் ‘கேம்ப்’ என்று அழைக்கிறார்கள். அதற்கு என்ன பொருள்? மோசமான படத்தை நாகரிகமாகக் குறிப்பிடும் சொல்தானா?

பதில்: இல்லை. அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1964இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குப் பிறகுதான் இந்தச் சொல் பரவலாக விவாதிக்கப்பட்டது. மிகையையும் செயற்கையையும் குறையென ஒதுக்காமல், அவற்றையே ஓர் அழகாகக் கண்டு மகிழும் ரசனை என்று அதைச் சுருக்கமாகச் சொல்லலாம். அந்தக் கட்டுரை வற்புறுத்தும் ஒரு கருத்து எனக்கு மிக முக்கியமானது. உயர்ந்த கேம்ப் வேண்டுமென்றே செய்யப்படுவதில்லை. தான் செய்வதை முழு மனத்தோடு நம்பிச் செய்பவரிடமிருந்தே அது பிறக்கிறது. பார்வையாளரைப் பார்த்துக் கண்சிமிட்டும் நடிகரின் படம் ஒரு முறை சிரிக்க வைத்துவிட்டு மறைந்துபோகும். ஆனால் அட்டைச் சுவர்களுக்கும் செயற்கைப் புகைக்கும் நடுவே நின்றுகொண்டு, தன் வாழ்க்கையே அந்தக் காட்சியில்தான் இருக்கிறது என்பதுபோல் ஒரு மூத்த நடிகர் வசனம் பேசும்போது, நமக்குச் சிரிப்பு வந்தாலும் அந்தச் சிரிப்பு நெடுநேரம் நீடிப்பதில்லை. இந்தப் படங்கள் இன்றும் பார்க்கப்படுவதற்கு அந்த நம்பிக்கையே காரணம் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் பதில்களிலும் நான் அதையே திரும்பத் திரும்பச் சொல்லக்கூடும்.

கேள்வி (மதுரை வாசகி): ‘வாட் எவர் ஹேப்பன்ட் டு பேபி ஜேன்?’ படத்தை அண்மையில் பார்த்தேன். பெட்டி டேவிஸின் ஒப்பனையைக் கண்டு முதலில் சிரித்த நான், முடிவில் அழுதுவிட்டேன். இது எப்படி நேர்ந்தது?

பதில்: இந்தப் படத்தை நான் பல முறை, பல குழுக்களோடு சேர்ந்து பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோருக்கும் நீங்கள் சொல்வதுதான் நேர்கிறது.

1962இல் ராபர்ட் ஆல்ட்ரிச் இயக்கிய இந்தப் படம், ஹென்றி ஃபாரலின் நாவலைத் தழுவியது. குழந்தைப் பருவத்தில் மேடையில் பாடி ஆடிப் புகழ்பெற்ற ஜேன், 1930களில் திரைநட்சத்திரமாக இருந்து ஒரு கார் விபத்தால் சக்கர நாற்காலியில் முடங்கிய அவள் அக்கா பிளான்ச் ஆகிய இருவரும் ஒரே பழைய வீட்டில் அடைந்து கிடக்கிறார்கள். ஜேனாக டேவிஸும் பிளான்ச்சாக ஜோன் க்ராஃபோர்டும் நடித்தார்கள். டேவிஸுக்கு அப்போது வயது 54 மட்டுமே. முகத்தில் வெண்பூச்சை அடுக்கடுக்காக அப்பிக்கொள்ளும் அந்தக் கோலத்தை அவரே வகுத்துக்கொண்டார். ஜேன் முகம் கழுவுவதில்லை, பழைய பூச்சின் மேலேயே புதிய பூச்சைப் பூசிக்கொள்கிறாள் என்பது அவருடைய கற்பனை. அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையை ஒரு நட்சத்திரம் அவ்வளவு முழுமையாகத் துறப்பது அன்றைய ஹாலிவுட்டில் அரிது.

பெரும்பாலும் கவனிக்கப்படாத ஒரு செய்தியையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். இந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் எர்னஸ்ட் ஹாலர். டேவிஸுக்கு இரண்டாவது ஆஸ்கரைப் பெற்றுத் தந்த 1938ஆம் ஆண்டின் ‘ஜெஸபெல்’ படத்துக்கும், க்ராஃபோர்டுக்கு ஆஸ்கரைப் பெற்றுத் தந்த 1945ஆம் ஆண்டின் ‘மில்ட்ரெட் பியர்ஸ்’ படத்துக்கும் அவர்தான் ஒளியமைத்தார். அந்த இரு முகங்களும் எந்தக் கோணத்தில், எந்த ஒளியில் மிளிரும் என்று நன்கு அறிந்த கை, இம்முறை அந்த ஒளியை இரக்கமின்றி விலக்கிக்கொண்டது. மேலும், பிளான்ச்சின் பழைய படம் என்று தொலைக்காட்சியில் ஓடும் காட்சிகள் க்ராஃபோர்ட் 1934இல் உண்மையிலேயே நடித்த ஒரு படத்திலிருந்து எடுக்கப்பட்டவை. ஜேனின் தோல்விப் படங்கள் என்று திரையரங்கில் போட்டுக் காட்டப்படுபவை டேவிஸின் 1933ஆம் ஆண்டுப் படங்கள். கதாபாத்திரத்தின் இளமையும் நடிகையின் இளமையும் ஒன்றாகிவிடும் அந்த இடத்தில்தான் நம் சிரிப்பு தடுமாறத் தொடங்குகிறது. எலியைத் தட்டில் மூடி உணவாகக் கொண்டுவரும் காட்சியைவிட, இளமையான க்ராஃபோர்டை முதிய க்ராஃபோர்ட் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியே எனக்கு அச்சம் தருகிறது.

கடற்கரையில் நிகழும் இறுதிக் காட்சியை, படத்தைப் பார்க்காதவர்களுக்காக இங்கே விவரிக்கவில்லை. ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்ற இந்தப் படம், கறுப்பு வெள்ளைப் படத்துக்கான ஆடை வடிவமைப்பு விருதை மட்டுமே வென்றது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

கேள்வி (கொழும்பு வாசகர்): குறிப்பாக அந்தக் காலகட்டத்தில் மூத்த நட்சத்திரங்கள் திகில் படங்களுக்கு வந்தது ஏன்? வேறு வேடங்கள் கிடைக்கவில்லை என்பது மட்டும்தான் காரணமா?

பதில்: வேடங்கள் கிடைக்கவில்லை என்பது உண்மை. 1962 செப்டம்பரில் டேவிஸ், ஹாலிவுட்டின் தொழில்முறை இதழ் ஒன்றில் தனக்கு வேலை வேண்டும் என்று விளம்பரமே கொடுத்தார். அதை ஒரு விளையாட்டாகவே செய்ததாக அவர் பின்னர் சொன்னாலும், அதற்குள் இருந்த கசப்பை எவராலும் படிக்க முடியும்.

ஆயினும் தொலைக்காட்சியை விட்டுவிட்டு இந்தக் கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்ல இயலாது. 1957இல் யுனிவர்சல் நிறுவனத்தின் பழைய படங்கள் 52, ‘ஷாக்’ என்ற பெயரில் ஒரே தொகுப்பாக அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு வழங்கப்பட்டன. 1931இல் வெளிவந்த ‘டிராகுலா’, ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ ஆகியவற்றைத் திரையரங்கில் பார்த்திராத ஒரு தலைமுறைக் குழந்தைகள், அவற்றை நள்ளிரவில் வரவேற்பறையில் அமர்ந்து பார்த்தார்கள். மற்ற ஸ்டுடியோக்களின் பழைய படங்களும் அதே வழியில் வீடுகளுக்குள் வந்தன. ஒரு நட்சத்திரத்தின் முப்பது வயது முகமும் அறுபது வயது முகமும் ஒரே வாரத்தில் ஒரே பார்வையாளரின் கண்ணில் படுவது, சினிமா வரலாற்றில் அதற்குமுன் பரவலாக நிகழாத ஒன்று. அந்த இடைவெளியே இந்தத் திகில் படங்களின் மூலப்பொருளாயிற்று.

கேள்வி (கோவை வாசகி): ஆண் நட்சத்திரங்கள் முதுமையில் கம்பீரமான பிரபுக்களாக வருகிறார்கள், பெண்கள் மட்டும் கோடரி ஏந்திய பைத்தியக்காரிகளாக வருகிறார்கள். இதை ரசிப்பது தவறில்லையா?

பதில்: இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இப்படங்களைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. முதிய பெண்ணின் உடலே அருவருப்புக்கும் அச்சத்துக்கும் உரியது என்ற எண்ணத்தின் மேல்தான் இப்படங்களில் பல கட்டப்பட்டிருக்கின்றன. ‘பேபி ஜேன்’ வெற்றி பெற்றவுடன் அதே அச்சில் படங்கள் வரிசையாக வந்தன: 1964இல் ‘ஸ்ட்ரெய்ட்-ஜாக்கெட்’ படத்தில் க்ராஃபோர்ட், அதே ஆண்டில் ‘லேடி இன் எ கேஜ்’ படத்தில் ஒலிவியா டி ஹாவிலண்ட், 1965இல் இங்கிலாந்தின் ஹேமர் நிறுவனத்துக்காக டலுலா பாங்க்ஹெட், 1971இல் ‘வாட்ஸ் த மேட்டர் வித் ஹெலன்?’ படத்தில் டெபி ரெனால்ட்ஸும் ஷெல்லி விண்டர்ஸும். இந்த வகையைக் கிழவிகளைக் காட்டிக் காசு பார்க்கும் படங்கள் என்ற பொருளில் இழிவாக அழைக்கும் ஒரு சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. அந்தச் சொல்லை நான் பயன்படுத்துவதில்லை, ஏனெனில் அது நடிகைகளின் உழைப்பையும் சேர்த்து இழிவுபடுத்துகிறது.

அதே வேளையில், ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண் ஒரு முழுப் படத்தையும் தன் தோளில் சுமப்பதற்கு அந்தத் தொழில் விட்டுவைத்திருந்த மிகச் சில வாசல்களில் இதுவும் ஒன்று. அந்த வாசல் வழியாக நுழைந்தவர்கள் உள்ளே என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 1964இல் ஆல்ட்ரிச் இயக்கிய ‘ஹஷ்... ஹஷ், ஸ்வீட் ஷார்லட்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். க்ராஃபோர்ட் நோயுற்று விலகியதால் டி ஹாவிலண்ட் அவருடைய இடத்துக்கு வந்தார். அதில் வேலைக்காரியாக வரும் ஆக்னஸ் மூர்ஹெட், தலைமுடி கலைந்து, தோள்களைக் குறுக்கி, வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு நடப்பதை முதலில் பார்ப்பவர் சிரிக்கக்கூடும். ஆனால் அந்த வீட்டில் டேவிஸின் ஷார்லட்டை உண்மையாக நேசிப்பவள் அவள் ஒருத்திதான் என்று தெரியவரும்போது, முன்பு நகைப்புக்குரியதாகத் தோன்றிய ஒவ்வோர் அசைவும் வேறு பொருள் கொள்கிறது. அந்த வேடத்துக்காக மூர்ஹெட் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஆகவே ரசிப்பது தவறில்லை என்று நினைக்கிறேன். ஆனால் நாம் ரசிப்பது அந்த நடிகையையா அவருடைய வீழ்ச்சியையா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): திரையரங்கில் நாற்காலிகளை அதிர வைத்தார்கள் என்று படித்தேன். உண்மையா?

பதில்: உண்மைதான். தயாரிப்பாளரும் இயக்குநருமான வில்லியம் காசில் 1959இல் ‘த டிங்க்லர்’ படத்துக்காகச் சில இருக்கைகளின் அடியில் அதிரும் சிறு மோட்டார்களைப் பொருத்தச் செய்தார். அதே ஆண்டில் ‘ஹவுஸ் ஆன் ஹான்டட் ஹில்’ ஓடிய அரங்குகளில் பார்வையாளர்களின் தலைக்கு மேல் கம்பியில் ஓர் எலும்புக்கூடு பறந்தது. ‘ஸ்ட்ரெய்ட்-ஜாக்கெட்’ படத்துக்கு வந்தவர்களுக்கு அட்டைக் கோடரிகள் வழங்கப்பட்டன.

கேள்வி (சேலம் வாசகர்): பேலா லுகோசி கடைசிக் காலத்தில் நடித்த, இயக்குநர் எட் வுட்டின் படங்களை ‘மோசமாக இருப்பதாலேயே நன்றாக இருக்கிறது’ என்று நண்பர்கள் கேலி செய்து பார்க்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

பதில்: நண்பர்களை ஒரேயொரு காட்சியை மட்டும் அமைதியாகப் பார்க்கச் சொல்லுங்கள். 1955ஆம் ஆண்டுப் படமான ‘பிரைட் ஆஃப் த மான்ஸ்டர்’ நடுவே, தனக்கு வீடென்று எதுவும் இல்லை, எல்லோராலும் வேட்டையாடப்பட்டு வெறுக்கப்பட்டவன் நான் என்று லுகோசி பேசுகிறார். வசனம் அலங்காரமானது, அரங்க அமைப்பு ஏழ்மையானது. ஆனால் பேசும் மனிதர் 1919இல் ஹங்கேரியில் புரட்சி அரசு வீழ்ந்தபின் தாய்நாட்டை விட்டு வெளியேறியவர். 1931இல் டிராகுலாவாக உலகப் புகழ் பெற்று, பின்னர் கிடைத்த வேடங்களையெல்லாம் ஏற்று, நோயும் போதை மருந்துப் பழக்கமும் உடலை அரித்த நிலையில் எழுபது வயதைக் கடந்து நிற்பவர். 1955இல் அவர் தாமாகவே முன்வந்து சிகிச்சைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் இறந்தார். அந்தக் காட்சியில் அவர் ஒரு சொல்லையும் அலட்சியமாகச் சொல்லவில்லை. கேலி செய்பவர்கள் இயக்குநரின் குறையைப் பார்க்கிறார்கள். எனக்கோ அந்த நடிகரின் மதிப்பே கண்ணில் படுகிறது.

கேள்வி (திருநெல்வேலி வாசகி): மூத்த திகில் நடிகரைப் பற்றியே எடுக்கப்பட்ட நல்ல படம் ஏதேனும் உண்டா?

பதில்: 1968இல் பீட்டர் போக்டனோவிச் இயக்கிய முதல் முக்கியப் படமான ‘டார்கெட்ஸ்’. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் அந்த விகார உருவமாக நடித்த போரிஸ் கார்லாஃப், தயாரிப்பாளர் ராஜர் கோர்மனுக்கு இரண்டு நாள் படப்பிடிப்புக் கடன்பட்டிருந்தார் என்பதிலிருந்து பிறந்த படம் அது. அதில் கார்லாஃப், பைரன் ஆர்லாக் என்ற முதிய திகில் நடிகராக வருகிறார். துப்பாக்கியால் முகம் தெரியாதவர்களைச் சுட்டுக் கொல்லும் இளைஞர்கள் நாளிதழ்களில் இடம்பெறும் காலத்தில், தன் கோட்டைகளையும் நிழல்களையும் கண்டு எவர் அஞ்சுவார் என்று சொல்லி அவர் ஓய்வுபெற விரும்புகிறார். மரணத்திடமிருந்து தப்பி வேறு ஊருக்கு ஓடியவன், அந்த ஊரிலேயே மரணத்தைச் சந்திக்கும் பழங்கதையை அவர் சொல்லும்போது கேமரா இடைவெட்டின்றி மெல்ல அவரை நெருங்குகிறது. எண்பது வயதுக் குரல் ஒன்றே அந்த அறை முழுவதையும் இருளச் செய்கிறது. கார்லாஃப் 1969 பிப்ரவரியில் மறைந்தார்.

கேள்வி (சென்னை வாசகர்): வின்சென்ட் பிரைஸைப் பற்றி நீங்கள் இன்னும் சொல்லவில்லையே? அவரை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

பதில்: 1973ஆம் ஆண்டின் ‘தியேட்டர் ஆஃப் பிளட்’ படத்திலிருந்து தொடங்குங்கள். தன்னை இகழ்ந்து எழுதிய விமர்சகர்களை, ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் கொலைகளைப் பின்பற்றி ஒருவர்பின் ஒருவராகக் கொல்லும் நடிகராக அதில் வருகிறார். நெடுங்காலம் திகில் வேடங்களிலேயே வைக்கப்பட்டிருந்த ஒரு நடிகருக்கு, ஷேக்ஸ்பியரின் வரிகளை முழுக் குரலில் பேச அந்தப் படம் இடமளித்தது. கொலைகள் எவ்வளவு விபரீதமாக இருந்தாலும் அந்த வரிகளை அவர் பழுதின்றிப் பேசுகிறார். அதன்பின் 1960இல் கோர்மன் இயக்கிய ‘ஹவுஸ் ஆஃப் அஷர்’, 1964ஆம் ஆண்டின் ‘த மாஸ்க் ஆஃப் த ரெட் டெத்’ ஆகியவற்றுக்குச் செல்லுங்கள்.

எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின், சிறுவயதிலிருந்தே அவருடைய ரசிகரான டிம் பர்ட்டன் 1990இல் எடுத்த ‘எட்வர்ட் சிஸர்ஹேண்ட்ஸ்’ படத்தைப் பாருங்கள். அது வெளிவந்தபோது பிரைஸுக்கு வயது 79. கத்திரிக்கோல் விரல்களோடு தான் உருவாக்கிய பிள்ளைக்கு உண்மையான கைகளைப் பரிசளிக்க வரும் கண்டுபிடிப்பாளராக அவர் நடித்திருக்கிறார். அந்தக் கைகளை நீட்டியபடியே அவர் சரிந்து விழுகிறார்.