பிறர் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்த ஓவியத்தை விற்கலாமா?

இன்ஸ்டாகிராமில் ஒருவர் போட்ட முட்டம் கடற்கரைப் படத்தை அக்ரிலிக்கில் வரைந்து கன்னியாகுமரியில் விற்க நினைக்கிறீர்கள். அவர் பெயரைப் போட்டால் போதுமா என்று கேட்கிறீர்கள்.

போதாது. பெயர் போடுவது மரியாதை, அனுமதி வாங்குவது வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படமும் ஒரு கலைப்படைப்பு. அதை எந்த வடிவத்தில் திரும்ப ஆக்குவதற்கும் உரிமை அதன் உரிமையாளருக்குத்தான் (பிரிவு 14). எடுத்தவர் இறந்த பிறகும் 60 ஆண்டு அது நீடிக்கும்.

'முப்பது சதவீதம் மாற்றினால் பிரச்சினை இல்லை' என்று பலர் சொல்வார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. முட்டத்துப் பாறையையும் கலங்கரை விளக்கத்தையும் யாரும் வரையலாம். ஆனால் எங்கே நின்றார், அலை எந்த உயரத்தில் சிதறும்போது கிளிக் செய்தார், கட்டுமரத்தை எந்த மூலையில் நிறுத்தினார் என்பதெல்லாம் அவருடைய உழைப்பு. கட்டம் (கிரிட்) கட்டியோ புரொஜெக்டரில் விழவைத்தோ கோட்டுக்குக் கோடு எடுத்தால் அத்தனையும் உங்கள் கேன்வாஸுக்கு வந்துவிடும். இடம் வலமாகத் திருப்பினாலும் தப்ப முடியாது. புகைப்படக் கலைஞர் ஜிங்னா ஜாங்கின் படத்தை அப்படித் திருப்பி வரைந்த ஓவியருக்கு எதிராக லக்சம்பர்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. அங்கே செல்லும் சட்டம் வேறு, ஆனாலும் காரணம் நமக்கும் பொருந்தும்.

வள்ளுவர் சிலை பற்றிக் குழப்பம் வேண்டாம். பொதுமக்கள் போகும் இடத்தில் நிலையாக இருக்கும் சிற்பத்தை வரைய பிரிவு 52 இடம் தருகிறது. அந்தச் சலுகை சிலைக்குத்தான். வேறொருவர் எடுத்த சிலைப் படத்துக்கு இல்லை. நீங்களே கரையில் நின்று எடுத்த மங்கலான மொபைல் படம் கூட இதைவிடப் பாதுகாப்பானது.

படத்திறப்புக்காக வீட்டார் ஸ்டூடியோ படத்தைக் கொண்டுவந்து வரையச் சொன்னால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே பொதுவாக முதல் உரிமை (பிரிவு 17). ஸ்டூடியோவோடு வேறு ஒப்பந்தம் இருந்தால் இது மாறும். அதனால் பில்லின் பின்பக்கத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

வீட்டில் கை பழகுவதற்காக வரைந்து வைத்துக்கொள்வதில் சிக்கல் இல்லை. விற்பனை, கண்காட்சி, போட்டி என்று வரும்போதுதான் அனுமதி தேவை. போட்டிப் படிவத்தில் 'சொந்தப் படைப்பு' என்று கையெழுத்திடுவீர்கள், அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் (எடுத்தவரே நிபந்தனையோடு எல்லோருக்கும் முன்கூட்டியே தரும் பொது உரிமம்) படமென்றால் உரிமத்தைப் பாருங்கள்: 'என்டி' (ND) இருந்தால் மாற்றி வரைந்ததை வெளியிடக் கூடாது, 'என்சி' (NC) இருந்தால் விற்கக் கூடாது.

அனுமதி கேட்கும்போது அந்தப் படத்தையே இணைத்து, ஓவியத்தின் அளவு, ஒரே அசலா பிரிண்டும் போடுவீர்களா, பிரிண்ட் என்றால் எத்தனை, இணையத்தில் காட்டலாமா, தொகை எவ்வளவு என்பதையெல்லாம் எழுதுங்கள். பதிலும் எழுத்தில் வர வேண்டும். உரிமம் எழுத்தில்தான் தரப்பட வேண்டும் என்கிறது பிரிவு 30. 'நல்லாருக்கு, வரைங்க' என்ற கமென்ட்டை நம்பி நூறு பிரிண்ட் அடிக்காதீர்கள்.