மாதா மாதம் வரும் வேலைகளை மென்பொருளில் போட்டும் கடைசித் தேதி தவறுகிறது. ஆளை மாற்றுவதா, மென்பொருளை மாற்றுவதா?

இரண்டையும் மாற்றாதீர்கள். முதலில் அந்த வேலை 'திரும்ப வரவேண்டும்' என்ற விதியை யார் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்று திறந்து பாருங்கள். ஆளை மாற்றுவதா என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் இருக்கிறேன். எங்களிடம் 64 கிளையண்ட். பிரிண்டிங், எம்ப்ராய்டரி, காம்பாக்டிங் என்று ஜாப் ஒர்க், அதாவது அடுத்த கம்பெனிகளின் துணிக்குக் கூலி வேலை செய்யும் சின்ன யூனிட்டுகள்தான் அதிகம். 2023-ல் டாஸ்க் மென்பொருள் வாங்கியபோது விதிகளையெல்லாம் போட்டது நான். விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி ரிட்டனான ஜிஎஸ்டிஆர்-1 மாதா மாதம் 11-ம் தேதிக்குள் போகவேண்டும். அதற்கு 'முந்தையது முடிந்த பிறகு அடுத்ததை உருவாக்கு' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பட்டியல் நீளாமல் சுத்தமாக இருக்கும் என்று நினைத்தேன்.

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான ஒரு பெண், ஒரு பிரிண்டிங் யூனிட்டின் ரிட்டனை நேரத்துக்குப் போட்டுவிட்டாள். ஆனால் இரண்டு பில்லில் ஜிஎஸ்டி எண் தப்பு, சரியானதை அனுப்புகிறேன் என்று யூனிட்காரர் சொல்லியிருந்தார். அது வரட்டும் என்று 'முடிந்தது' என டிக் போடாமல் வைத்திருந்தாள். கவனமான பிள்ளை. பழைய வேலை சிவப்பில் நின்றது. திருத்தத்துக்காக நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் தொடவில்லை. அது முடியாததால் அடுத்த மாத வேலை உருவாகவே இல்லை.

14-ம் தேதி சாயங்காலம், அந்த யூனிட்டுக்கு வேலை கொடுக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனி கணக்கரிடமிருந்து போன். "ஏனுங்க, 2பி-ல அவங்க பில் ஒண்ணுகூட வரலீங்களே?" 2பி என்பது விற்பவர்கள் போட்ட ரிட்டனிலிருந்து வாங்குபவருக்கு வரும் பில் பட்டியல், அதை வைத்துத்தான் அவர் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வார். அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கே போட்டோம். அபராதம் நாளுக்கு 50 வீதம் 150 ரூபாய். அது பெரிய விஷயமில்லை. ஆனால் 11-ம் தேதிக்குப் பிறகு போட்டால் வாங்குபவருக்கு அந்த மாத 2பி-யில் வராது, அடுத்த மாதம்தான் வரும். அதுவரை வரித்தொகையைத் தரமாட்டோம் என்று நிறுத்திவிட்டார்கள். 18 லட்சம் பில்லுக்கு 5 சதவீதம், 90,000 ரூபாய். யூனிட்காரரோ 20-ம் தேதி, வரி கட்டும் ரிட்டனான 3பி போடும்போது அந்த வரியைத் தன் கையிலிருந்து கட்டவேண்டும். சம்பளத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டினார்.

திட்டு முழுவதும் அந்தப் பெண்ணுக்கு. இரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் விதி போட்டது நான்தான் என்று சாரிடம் சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அவள் அடுத்த மாதமே நின்றுவிட்டாள். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்களும் சின்ன அலுவலகம் என்றே நினைக்கிறேன். சட்டத் தேதி உள்ள எந்த வேலையும் காலண்டர் தேதியை வைத்துத்தான் திரும்ப வரவேண்டும், முந்தையது முடிந்ததா இல்லையா என்பதை வைத்து வரக்கூடாது. இரண்டு மாத வேலை ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றால் நிற்கட்டும், அது கண்ணில் பட்டால்தான் நல்லது. 'முடித்ததிலிருந்து 30 நாள்' என்பது பிரிண்டருக்கு மை மாற்றுவது போன்ற வேலைக்குப் போதும். திருத்தம் பாக்கி இருந்தால் அதைத் தனி வேலையாகப் பிரித்துவிட்டு, ரிட்டன் வேலையை மூடிவிடுங்கள்.

டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துவைக்கும் வருமான வரியைக் கட்டுவது மாதா மாதம் 7-ம் தேதி. ஆனால் மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. காலாண்டு டிடிஎஸ் ரிட்டன் ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, அப்புறம் மே 31. 'மூன்று மாதத்துக்கு ஒருமுறை' என்று போட்டால் மென்பொருள் ஏப்ரலில் கொண்டுவந்து நிறுத்தும். இதை நான்கு தனித்தனி வருடாந்திர வேலைகளாகப் போடுங்கள். பிஎஃப், இஎஸ்ஐ 15-ம் தேதி, அதில் சிக்கலில்லை. ஞாயிறு வந்தால் 'அடுத்த வேலை நாளுக்குத் தள்ளு' என்று ஒரு வசதி இருக்கும். அதை எடுத்துவிட்டு முந்தைய வேலை நாளுக்கு மாற்றுங்கள்.

முக்கியமாக, 11-ம் தேதியை மட்டும் போட்டு வைக்காதீர்கள். நாங்கள் இப்போது 3-ம் தேதி பில் கேட்க ஒன்று, 8-ம் தேதி சரிபார்க்க ஒன்று, 10-ம் தேதி ஃபைல் பண்ண ஒன்று என்று வைத்திருக்கிறோம். ஆண்டு விற்பனை 5 கோடிக்குள் என்றால் ஜிஎஸ்டி ரிட்டனைக் காலாண்டுக்கு ஒருமுறை போட்டால் போதுமே என்று யாராவது சொல்லலாம். தெரியும். வாங்குபவர்கள் மாதா மாதம் கேட்கிறார்கள், என்ன செய்வது?

தேதி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2025-ல் வருமான வரி ரிட்டனுக்கு ஜூலை 31 என்பதை செப்டம்பர் 15 ஆக்கினார்கள். அந்த 15-ம் தேதி ராத்திரி இன்னும் ஒருநாள் நீட்டித்தார்கள். மத்தியானமே அறிவித்திருந்தால் எங்கள் அலுவலகப் பெண்கள் கடைசி பஸ்ஸுக்குப் போயிருப்பார்கள். தேதியை மதித்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

எந்த மென்பொருள் என்று கேட்காதீர்கள், எல்லாவற்றிலும் இந்த விதிகள் ஏதோ ஒரு பெயரில் இருக்கின்றன. வாங்கும் முன் ஜனவரி 31-ல் ஒரு மாதாந்திர வேலையைப் போட்டுப் பாருங்கள். பிப்ரவரியில் 28-ம் தேதி வருகிறதா, அந்த மாதத்தையே தாண்டிவிடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.