ஏதென்ஸைச் சாத்தான் கையில் கொடுத்தவர்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘பாரடைஸ் ரீகெய்ன்ட்’ காவியம் படித்தேன். சாத்தான் ஏதென்ஸின் கல்வியைக் காட்டி ஆசைமூட்டுகிறான். இயேசு அதை உதறுகிறார். ஆயுள் முழுக்கக் கிரேக்கக் கவி ஹோமரைப் படித்தவர் இப்படி எழுதியது பாசாங்கு அல்லவா? அவரைப் போன்ற பியூரிட்டன்களின், அதாவது கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின், கவிதையை எங்கிருந்து தொடங்கலாம்?

க.

அன்புள்ள க.,

எங்கிருந்தும் தொடங்கலாம், அதை விடுங்கள். சில நாட்களாக நானும் அந்த நான்காம் காண்டத்தில்தான் இருக்கிறேன். பாசாங்கு என்று நீங்கள் எழுதியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மறுபடி படியுங்கள். பிளேட்டோவின் ஒலிவத் தோப்பு, கோடை முழுக்கப் பாடும் நைட்டிங்கேல், தேனீக்கள் முரலும் ஹைமெட்டஸ் குன்று. பாசாங்குக்காரன் ஏதென்ஸை மட்டமாகக் காட்டிவிட்டு எளிதாகத் தள்ளியிருப்பான். மில்டன் தன் உயிரான ஒன்றை அதன் முழு அழகோடு சாத்தானிடம் கொடுத்தார். இயேசுவின் பதில் கடுமையானது, எனக்கும் வலிக்கிறது. எழுதியவருக்கு வலித்திருக்காதா?

‘பாரடைஸ் லாஸ்ட்’ (1667) முதல் காண்டத்தில், பழைய கொல்லர் தெய்வமான மல்சிபர் வானிலிருந்து விழுவதைப் பாருங்கள். காலையிலிருந்து நண்பகல், நண்பகலிலிருந்து பனி இறங்கும் மாலை என்று ஒரு கோடைநாள் முழுக்க விழுந்து, எரிநட்சத்திரமாக லெம்னோஸ் தீவில் இறங்குகிறான். ஹோமரிடமிருந்து வந்த கதை. நாம் மெய்மறந்திருக்கும்போதே, இப்படிச் சொல்பவர்கள் தவறாகச் சொல்கிறார்கள் என்று வெட்டிவிடுகிறார். தவறென்றால் முதலிலேயே விட்டிருக்கலாமே! அவரால் முடியவில்லை. 1652க்குள் பார்வையை முற்றிலும் இழந்தவர், பிறர் வாசிக்கக் கேட்டும் நினைவிலிருந்தும் அந்தப் பழைய தெய்வங்களை அழைத்துவந்து, அழகாக நிறுத்தி, பிறகு அனுப்பிவைக்கிறார்.

என் அப்பா சபை உபதேசியார். இரவு ஜெபம் முடிந்ததும் கம்பனை எடுப்பார். குகன் வரும் இடத்தில் குரல் தழுதழுக்கும். பிறகு, “கதைதான்” என்று சொல்லி, புத்தகத்தை மூடி வேதாகமத்துக்கு அடியில் வைப்பார். மறுநாள் இரவு மறுபடி எடுப்பார். அவரைப் பாசாங்குக்காரர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. பியூரிட்டனான ஜான் பனியனின் ‘பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்’ நூலை எச். ஏ. கிருஷ்ண பிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ ஆக்கியபோது கம்பன் நடையைத்தானே நாடினார்?

இன்னொன்று. நீங்கள் படித்த காவியம் 1671இல் தனியாக வரவில்லை. அதே நூலில் ‘சாம்சன் அகோனிஸ்டிஸ்’ இருக்கிறது: வேதாகமக் கதை, கிரேக்கத் துன்பியல் நாடக வடிவம். முன்னுரையில் ஈஸ்கிலஸ், சோஃபோக்ளிஸ், யூரிப்பிடிஸ் மூவருக்கும் இதுவரை நிகரில்லை என்கிறார் மில்டன். பாதி நூலைப் படித்துவிட்டு ஒரு மனிதரின் நேர்மையைச் சந்தேகித்திருக்கிறீர்கள். மீதியையும் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.