சுட்டபின் கீழே விழும் துணியைப் பாருங்கள்

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் பழக்கிவிட்டதில் 50 காலிபர் பிளின்ட்லாக் (சிக்கிமுக்கிக் கல் தீப்பொறியில் சுடும்) ரைஃபிள் ஒன்று வாங்கினேன், குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிப்பது. முதல் இரண்டு குண்டு குறிக்குப் பக்கத்தில் படுகிறது, அப்புறம் 50 கெஜத்திலேயே கண்ட இடத்துக்குப் போகிறது. மருந்தைக் கூட்டவா, குறிபார்க்கும் முன் சைட்டை அரத்தால் ராவவா?

பதில்: அரத்தை உள்ளே வையுங்கள். சைட் தப்பு என்றால் எல்லாக் குண்டும் சேர்ந்தே ஒரு பக்கம் ஒதுங்கும். உங்களுடையது போகப் போகச் சிதறுகிறது, அது குழலில் சேரும் அழுக்கு. கருமருந்து எரிந்தால் எடையில் பாதிக்கு மேல் கரியும் உப்புமாக மிஞ்சும், அது குழலுக்குள் சுருளாக வெட்டிய பள்ளங்களை அடைத்தால் குண்டு ஒருதரம் லேசாக இறங்கும், ஒருதரம் மல்லுக்கட்டும். ஒவ்வொரு சுடலுக்கும் பிறகு ஈரத்துணி ஒருமுறை, காய்ந்த துணி ஒருமுறை விடுங்கள்.

அடுத்து, குண்டைச் சுற்றி வைக்கிறீர்களே அந்தத் துணி. குழல் 0.50 அங்குலம், குண்டு பெரும்பாலும் 0.490தான், இடைவெளியை அடைத்துக் குண்டைச் சுழல வைப்பது துணிதான். உங்கள் பக்கத்து லங்காஸ்டரில் 18ஆம் நூற்றாண்டில் இந்த வகைத் துப்பாக்கி செய்த ஜெர்மானியக் கொல்லர்கள் காலத்திலிருந்து இதே கதைதான். சுட்டதும் அந்தத் துணி சில கெஜம் தள்ளி விழும், சுடுவதை எல்லோரும் நிறுத்தியபின் போய்ப் பொறுக்குங்கள். நடுவில் கறுத்து, சுற்றிலும் பள்ளத்தின் தடம் வரிவரியாகத் தெரிந்தால் நல்லது. நடுவில் எரிந்து ஓட்டை என்றால் துணியில் தடவிய கொழுப்பு போதவில்லை, அல்லது துணி மெலிசு. கத்தியால் கீறினதுபோல் இருந்தால் புதுக் குழலின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. நெருக்கமாக நெய்த பருத்திதான் வேண்டும், பாலியஸ்டர் கலந்தது உருகி ஒட்டும்.

மருந்து கடைசியில்தான். தயாரிப்பாளர் சொன்ன உச்ச அளவுக்குள் 5 கிரெயின் (மருந்தை அளக்கும் சிறு எடை அலகு) வீதம் மாற்றி, அளவுக்கு ஐந்து குண்டு சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் நேராகப் போகும் என்பது வெறும் நம்பிக்கை. மருந்து வைத்திருக்கும் கொம்பிலிருந்து நேரே குழலில் கொட்டாதீர்கள், உள்ளே கங்கு இருந்தால் கொம்பே வெடிக்கும், அளவுக்குவளையில்தான் ஊற்றவேண்டும். இக்காலத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து கூடவே கூடாது. குண்டு சரியாக உட்கார்ந்ததும் கெட்டிக்கும் கம்பியில் குழல் வாய்க்கு நேராக ஒரு கோடு போடுங்கள், அடுத்த முறை அதை வைத்துச் சரிபார்க்கலாம். குண்டு மருந்தைத் தொட்டு உட்காராமல் நடுவில் நின்றால் குழல் பிளக்கும்.

இத்தனைக்கும் பிறகு சிதறினால், பொறுக்கிய துணிகளை வரிசையாக ஒரு அட்டையில் குத்தி, பெரியவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.