கொம்ப்ரசருக்கு 85,000 ரூபா: திருத்துவதா, புதிதாக வாங்குவதா?

கேள்வி: எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடற்கரைப் பக்கம். 2016இல் வாங்கிய 12,000 பி.ரி.யு. ஏசி மாமியின் அறையில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் மூன்று தடவை கேஸ் போட்டோம், ஒவ்வொரு தடவையும் 12,000 ரூபா. போன கிழமை வெளி யூனிட் ஓடாமல் நின்றுவிட்டது. வந்து பார்த்தவர் கொம்ப்ரசர் போய்விட்டது, மாற்ற 85,000 ஆகும் என்கிறார். கடையில் புது இன்வேர்ட்டர் ஏசி 210,000. தவணைக்கு எடுத்தால் மாதம் 20,500 படி 12 மாதம் கட்ட வேண்டும். கையில் 80,000 இருக்கிறது. 150,000 ரூபா சீட்டு எனக்குப் புரட்டாசியில்தான் விழும். இவ்வளவு செலவழித்த மெஷினை எறிவதா, திருத்துவோம் என்கிறார் இவர். என்ன செய்யலாம்?

பதில்: கச்சான் என்ற வெக்கைக் காற்று அடிக்கிற நேரத்தில் ஏசி நின்றால் யாருக்கும் யோசிக்கப் பொறுமை இருக்காது, அதுவும் வயதானவர் படுக்கிற அறை. இருந்தாலும் ஒரு நாள் பொறுங்கள். கொம்ப்ரசர் போய்விட்டது என்று அவர் சொன்னார், சரி. காட்டினாரா?

வெளி யூனிட் ஓடாமல் நிற்க, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கொம்ப்ரசர்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை. உங்களுடையது போன்ற பழைய, இன்வேர்ட்டர் இல்லாத, அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடியாத மெஷினில், கொம்ப்ரசரைக் கிளப்பிவிடும் கப்பாசிட்டர் என்ற சின்னப் பாகம் பலவீனமானாலே கொம்ப்ரசர் ‘ம்ம்ம்’ என்று முனகிவிட்டு நின்றுவிடும். அது சில ஆயிரம் ரூபாவோடு முடிகிற வேலை. ஆகவே வேறொரு டெக்னீஷியனைக் கூப்பிட்டு, பார்வைக்கூலியைக் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். கொம்ப்ரசரின் மூடியைக் கழற்றினால் மூன்று முனைகள் தெரியும். மெஷின் நன்றாக ஆறிய பிறகு, வயரைக் கழற்றிவிட்டு, மீட்டரை இரண்டிரண்டு முனையாக வைத்தால் மூன்று தடவையும் ஏதாவது ஓர் எண் வர வேண்டும். ஒரு சோடியில் எண்ணே வராவிட்டால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. ஏதாவது ஒரு முனைக்கும் செப்புக் குழாய்க்கும் இடையில் மின்தொடர்பு காட்டினால் சுருள் கொம்ப்ரசரின் வெளிக்கூட்டில் தட்டுகிறது. இரண்டில் ஒன்றைக் கண்ணால் கண்டால் கொம்ப்ரசர் போனதை நம்பலாம். இரண்டும் இல்லை என்றால் 85,000 பற்றி இப்போதைக்குப் பேச வேண்டியதில்லை.

இனி அந்த மூன்று தடவை கேஸ். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அதுதான். ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டையைத் தேடாமல் மூன்று தடவையும் நிரப்பியிருக்கிறார்கள், 36,000 ரூபா காற்றோடு போயிருக்கிறது. நட்டுப் பூட்டிய மூட்டில் கசிவு என்றால் சோப்பு நுரை வைத்தே கண்டுபிடித்துச் சின்னச் செலவில் சரி செய்யலாம். கொயிலில், அதாவது செப்புக் குழாயும் அலுமினியத் தகடுகளும் சேர்ந்த பகுதியில் என்றால் கதை வேறு. கல்லடி கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற நிலம். உப்புக் காற்று அலுமினியத் தகடுகளை மாவாக்கி, செப்புக் குழாயையும் அரித்துவிடும். ஓர் இடத்தை ஒட்டினால் அடுத்த மழைக்குள் இன்னோர் இடம் கசியும். வெளி யூனிட்டின் பின்பக்கத் தகட்டை விரலால் தொட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் அந்தக் கொயிலுக்கு ஆயுள் முடிந்தது. அதோடு புதுக் கொம்ப்ரசரைப் பூட்டுவது 85,000 ரூபாவைக் கடலில் போடுவதுதான்.

யூனிட்டின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் கேஸின் பெயரையும் பாருங்கள். ஆர்-22 என்றிருந்தால் ஓசோன் படலத்துக்காக மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் உலகம் முழுவதும் படிப்படியாக நிறுத்தப்படும் கேஸ் அது. நம்மைப் போன்ற நாடுகளுக்கு 2030 வரைதான் தவணை. இருப்பு குறையக் குறைய விலை ஏறும். புது மெஷின்களில் வரும் ஆர்-32ஐ அதற்குள் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அழுத்தமும் எண்ணெயும் வேறு, போதாததற்கு ஆர்-32 தீப்பற்றக்கூடியது.

உங்கள் கணவரின் வாதத்துக்கு வருகிறேன். ஏற்கெனவே போன 36,000 திருத்தினாலும் வராது, எறிந்தாலும் வராது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இனிமேல் போகப் போவதை மாதக் கணக்காக்கிப் பாருங்கள். கொம்ப்ரசரை மாற்றி, அரித்த கொயிலோடு இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்று தாராளமாகவே வைப்போம். 85,000ஐ 24ஆல் பிரித்தால் மாதம் சுமார் 3,540 ரூபா. புதிது 210,000, பூட்டுகூலி, தாங்கி, கூடுதல் குழாய், பிரேக்கர் என்று 20,000 சேர்த்து 230,000. கடலோரத்துக்கு ஆறு வருடம் மட்டும் போட்டால் மாதம் சுமார் 3,200.

கரண்ட் பில்லிலும் வித்தியாசம் உண்டு. உங்கள் பழைய மெஷின் ஒரு இரவு எட்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஆறு யூனிட் இழுக்கும். அதே அளவு இன்வேர்ட்டர் நாலு யூனிட்டோடு நிற்கும் என்று கொள்வோம். மாதம் 60 யூனிட் மிச்சம். நம் கட்டண முறையில் பாவனை கூடக்கூட யூனிட் விலையும் ஏறுவதால், இந்த 60 யூனிட்டும் பில்லின் மிக உயர்ந்த படியிலிருந்து குறையும். அந்தப் படியில் யூனிட் 60 ரூபா என்று வைத்தாலும் மாதம் 3,600. உங்கள் பில்லில் இருக்கும் உண்மையான விலையைப் போட்டுப் பாருங்கள். பாதிக்குப் பாதி மிச்சம் என்று கடையில் சொல்வதை நான் நம்பமாட்டேன். இந்த அளவே போதும்.

ஆகவே கொம்ப்ரசர் உண்மையிலேயே போயிருந்து, கொயிலும் அரித்திருந்தால், என் வாக்கு புதிதுக்கு. கப்பாசிட்டர் மட்டும் என்றால் அதை மாற்றி, சீட்டு விழும்வரை ஓட்டுங்கள்.

காசுக்கு என்ன வழி? கடைத் தவணை 246,000. 36,000தானே கூட, 17 சதவீதம் என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் கடன் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வட்டி வருடத்துக்கு 30 சதவீதம் அளவில் நிற்கிறது. அதனால் முதலில் சீட்டுப் பிடிப்பவரிடம் கதையுங்கள். உங்களுக்கு முந்திய முறைக்காரருக்கு அவசரம் இல்லாவிட்டால் முறையை மாற்றித் தருவார், இதைவிட மலிவான கடன் கிடையாது. சரிவராவிட்டால் கையில் உள்ள 80,000 போக மிச்சம் 150,000க்கு வங்கியில் நகை அடகு வைக்கலாம். அடகு என்றதும் முகம் சுளிக்கிறோம். ஆனால் சீட்டுக்காசில் மீட்கும் நாள் தெரிந்த கடன் இது. வட்டி வீதத்தைக் கேட்டு அந்த 30ஓடு ஒப்பிடுங்கள். கூடினால் விடுங்கள்.

வாங்கும்போது கொம்ப்ரசருக்கு எத்தனை வருட வாரண்டி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். உங்கள் கடற்கரைக்கு அது முக்கியமில்லை. கொயிலுக்கு எத்தனை வருடம், உப்பு அரிப்பு அதில் அடங்குமா என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வெளி யூனிட்டைக் கடல் காற்று நேரே அறையாத சுவரில் பூட்டச் சொல்லுங்கள். சேர்விஸுக்கு வருபவர் கிணற்று உவர்த் தண்ணீரைப் பம்பில் ஏற்றி அடிக்க விடாதீர்கள், உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீரால் கழுவட்டும்.

புதிதைப் பூட்ட வருபவர் பழைய மெஷினைச் ‘சும்மா கொண்டுபோகிறேன்’ என்பார். அதற்குள் செப்பும் அலுமினியமும் கிடக்கிறது. பழைய இரும்புக் கடையில் விலை கேட்டுவிட்டு, அந்தத் தொகையைப் பூட்டுகூலியில் கழிக்கச் சொல்லுங்கள்.