முல்லைப் பெரியாறு வழக்கை ஹேக் நகருக்குக் கொண்டுபோக முடியுமா?

கேள்வி: மேலூர் பக்கம் ஒருபோகச் சாகுபடி செய்கிறேன். முல்லைப் பெரியாறு அணையில் 142 அடிக்கு மேல் தேக்க வழியில்லாமல் கேரளத்தோடு வருஷக்கணக்காக இழுபறி. நாடுகளுக்குள் வரும் தகராறைத் தீர்க்க உலக அளவில் நடுவர் மன்றம் இருக்கிறது என்கிறார்கள். எங்கள் விவசாயிகள் சங்கம் அங்கே மனுப் போட முடியுமா?

பதில்: முடியாது. இப்படிப்பட்ட தகராறில் அங்கே வழக்காட நாடுகளுக்குத்தான் உரிமை. தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாட்டின் மாநிலங்கள் என்பதால், அரசியல் சட்டத்தின் 131-வது பிரிவுப்படி இந்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு உரியது. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014 மே 7-ல் தீர்ப்பு வந்ததும் தமிழ்நாடு அந்தப் பிரிவில் போட்ட வழக்கில்தான். உங்கள் சங்கம் இடையீட்டு மனு, அதாவது நடக்கும் வழக்கில் எங்கள் தரப்பையும் கேளுங்கள் என்ற மனு, போட்டுப் பார்க்கலாம். ஏற்பதும் ஏற்காததும் நீதிபதிகள் கையில்.

ஆனாலும் உங்கள் கேள்வியை இதோடு விட எனக்கு மனமில்லை. ஏறக்குறைய இதே மாதிரி ஒரு தண்ணீர்த் தகராறு அங்கே போய்த் தீர்ந்திருக்கிறது. அதில் உங்கள் சங்கத்துக்கு உதவும் விஷயம் ஒன்று உண்டு.

நெதர்லாந்தின் ஹேக் நகரில், அமைதி அரண்மனை என்ற ஒரே கட்டடத்தில் இரண்டு அமைப்புகள் இயங்குகின்றன. ஒன்று ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றம். அதற்கு நிரந்தரமாக 15 நீதிபதிகள். இன்னொன்று, 1899-ல் உருவான நிரந்தர நடுவர் மன்றம். பெயரில்தான் நிரந்தரம், வழக்கு வந்த பிறகுதான் அதற்கென்று நடுவர் குழு அமைப்பார்கள். இரு தரப்பும் தங்களுக்கு நம்பிக்கையானவர்களை நியமிக்கும், பொதுவானவர்களும் சேர்வார்கள். எங்கே போனாலும் அடிப்படை ஒன்றுதான்: அந்த நாடு முன்கூட்டியோ, தகராறு வந்த பிறகோ சம்மதித்திருக்க வேண்டும். பல சமயம் அந்தச் சம்மதம் ஏதாவது ஓர் ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

1960-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் போட்ட சிந்து நதி ஒப்பந்தத்தில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. காஷ்மீரில் கிஷன்கங்கா ஆற்றை மறித்து, சுரங்கம் வழியாகத் தண்ணீரைத் திருப்பி மின்சாரம் எடுக்க இந்தியா முனைந்தபோது, கீழே தங்களுக்குத் தண்ணீர் குறையும் என்று பாகிஸ்தான் 2010-ல் நடுவர் மன்றம் போனது. மேற்கே ஓடும் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்கு வருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வழக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. குழுவில் ஏழு பேர். சட்டம் படித்தவர்களோடு ஒரு பொறியாளரும் இருந்தார். இரு பக்கமும் ஆற்றங்கரைக்கே போய்ப் பார்த்தார்கள். 2013-ல் தீர்ப்பு: இந்தியா தண்ணீரைத் திருப்பலாம், ஆனால் ஆற்றில் குறைந்தபட்சம் விநாடிக்கு 9 கன மீட்டர், நம் கணக்கில் சுமார் 318 கனஅடி, விட வேண்டும்.

இந்தத் தீர்ப்புகளை அமல்படுத்தப் போலீஸ் கிடையாது. பிலிப்பைன்ஸ் தொடுத்த தென்சீனக் கடல் வழக்கில் 2016-ல் வந்த தீர்ப்பைச் சீனா ஏற்கவே இல்லை. சிந்து ஒப்பந்தத்தையே 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்தி வைத்துவிட்டது. ஆனால் 2014-ல் வங்காள விரிகுடா எல்லை வழக்கில், தகராறில் இருந்த சுமார் 25,600 சதுர கிலோமீட்டர் கடலில் 19,467 வங்கதேசத்துக்குப் போனது. இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. பெரிய நாடு சின்ன நாட்டிடம் தோற்று, சண்டை இல்லாமல் எல்லை முடிவாவது சாதாரண விஷயம் இல்லை. இந்த அமைப்புகளை நான் மதிப்பதற்கு அந்த வழக்கு ஒன்றே போதும்.

நம் பெரியாறும் நடுவரைப் பார்த்த ஆறுதான். அணைக்காகத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு போட்ட 1886 குத்தகைப் பத்திரத்திலேயே, தகராறு வந்தால் நடுவர்களிடம் விட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. சென்னை அரசு அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாமா என்ற பிரச்சினையில் இரு தரப்பு நடுவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. விஷயம் தலைமை நடுவர் நளினி ரஞ்சன் சட்டர்ஜியிடம் போனது. பாசனத்துக்கு மட்டும்தான் உரிமை என்று 1941-ல் திருவிதாங்கூர் பக்கம் தீர்ப்பானது. அப்புறம் 1970-ல் துணை ஒப்பந்தம் போட்டுத்தான் மின்சார உரிமை கிடைத்தது.

சரி, உங்கள் சங்கம் என்ன செய்யலாம்? கிஷன்கங்கா வழக்கில், கீழ்ப்பகுதி விவசாயத்துக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்ற புள்ளிவிவரத்தைப் பாகிஸ்தான் கொடுக்கவில்லை. 318 கனஅடியை முடிவு செய்தபோது அந்த விவசாயிகளின் தேவை கணக்கில் சேரவில்லை. ஆகவே ஒவ்வொரு வருஷமும் கால்வாயில் தண்ணீர் திறந்த நாள், அடைத்த நாள், கடைமடைக்கு வந்து சேர்ந்த நாள், நட்ட ஏக்கர், கருகிய ஏக்கர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நீர்வளத் துறைக்குக் கொடுக்கும் மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். அடுத்த முறை உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாடு வாதாடும்போது, அரசு வழக்கறிஞர் கையில் மேலூர்க் கணக்கும் இருக்கட்டும்.